மாலிக்கு நான் கூட்டிவிட்ட ஒரு வயது

பிள்ளைகளை அளக்கிற வேலையில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் அளவு என்ன என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவர்களால்தான்.

டெக்சாஸ் ரிச்சர்ட்சனில், பிள்ளைகளின் எலும்பையும் வளர்ச்சியையும் பார்க்கிற ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். உயரம், எடை எடுக்க வேண்டும். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்குப் பிள்ளையைத் தயார்செய்து மேசையில் படுக்க வைக்க வேண்டும். மெஷினை ஓட்டுவது டெனிஸ். அவள் இந்த ஊர்க்காரி, அதற்கென்று படித்து லைசென்ஸ் வாங்கியவள்.

இதற்கு முன் தமிழ்நாட்டில் இருபத்திரண்டு வருஷம் அங்கன்வாடியில் இதே வேலைதான் பார்த்தேன். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மீதியைத் தொழிற்சங்கத்துத் துண்டுப்பிரசுரங்களில் அச்சுப்பிழையோடு சேர்த்துப் படித்தேன். என்னோடு தார்ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் சிலர் இன்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நான் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் சங்கம் என்றால் பொங்கல் விழாவுக்கு டிக்கெட் விற்கிற இடம் என்று தெரிந்ததும், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சின்ன கோர்ஸ் முடித்து இந்த வேலைக்கு வந்துவிட்டேன்.

கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, போன மாதக் கோட்டோடு ஒப்பிட்டு, பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த எல்லோரும் என் தோழர்களே. உங்களுக்காகத்தான் இவற்றை எழுதுகிறேன். முதலில் வருபவற்றில் தப்பு உங்கள் மேல். பிறகு வருவது என் தப்பு. அதனால் ஒரு சின்னப் பெண் ஆறு வாரம் குதிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கொண்டை

உயரம் எடுக்கும்போது மேலிருந்து இறங்கும் பலகை தலையோட்டைத் தொட வேண்டும். ஒரு நாள் பத்து வயதுப் பெண் ஒருத்தி முழு நடன அலங்காரத்தில் வந்து நின்றாள். நெற்றிச்சுட்டி, கண் மை, உச்சந்தலையில் ஒரு தேங்காய் அளவுக்குக் கொண்டை. கொண்டையை அவிழ்க்க வேண்டும் என்றேன். அவளுடைய அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆன்ட்டி, அதைப் போட ஒன் அவர் ஆச்சு. நாலு மணிக்கு ப்ரோக்ராம். அப்படியே மெஷர் பண்ண முடியாதா?" என்றார். அப்படியே எடுத்தால் இரண்டு அங்குலம் கூடுதலாக வரும் என்றேன். அவர் கொண்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "டூ இன்ச்சஸா? அப்போ அப்படியே எழுதிக்குங்க, பரவால்ல."

நான் எழுதவில்லை. அங்கன்வாடி நாட்களில் எங்கள் வட்டார மேற்பார்வையாளர் ஒருவர், வளர்ச்சி அட்டையில் எடை குறைந்து சிவப்பில் இருக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் பச்சைக்குத் தள்ளி எழுதச் சொன்னபோதே எழுதாதவள் நான். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வாயில் கவ்விக்கொண்டேன். பிள்ளை கண்ணை மூடி என் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து அந்தக் கனத்தைச் சுமந்தவள், பாவம். அளந்து முடித்ததும் நானே வாரி, சுருட்டி, பத்து நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிட்டேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆன்ட்டி, காலைல போட்டதைவிட நல்லா இருக்கு. அடுத்த ப்ரோக்ராம் மே மாசம். அன்னிக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுடலாமா?"

காரில் ஒரு ரிவிஷன்

பதின்மூன்று வயதுப் பையன், இரண்டு முறை கை உடைந்தவன், ஸ்கேனுக்கு வந்திருந்தான். திரையில் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக வட்டமான புள்ளிகள் தெரிந்தன. "காசு ஏதாவது விழுங்கினாயா?" என்று கேட்டாள் டெனிஸ். பையன் அப்பாவைப் பார்த்தான், அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில் பையனே உடைத்துவிட்டான். பார்க்கிங்கில் வைத்து அப்பா நாலு கால்சியம் மாத்திரை கொடுத்தாராம்.

வயிற்றில் கரையாமல் கிடக்கும் கால்சியம் மாத்திரையும் எலும்பும் இந்த மெஷினுக்கு ஒன்றுதான். அதனால்தான் ஸ்கேனுக்கு முதல் நாளிலிருந்தே கால்சியம் வேண்டாம் என்று கடிதத்தில் எழுதி அனுப்புகிறோம். ஸ்கேனை வேறு நாளைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அப்பா ஒரு டெலிகாம் கம்பெனியில் பெரிய என்ஜினியர். மகனுடைய செருப்புகள் இரண்டையும் இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். பயந்த மனிதர். கடிதத்தைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படிச்சேன் ஆன்ட்டி. ஆனா எந்த எக்ஸாமுக்கும் கடைசி நிமிஷத்துல ஒரு ரிவிஷன் உண்டுல்ல?"

அலமாரி உச்சியில்

ஸ்கேன் முடிவு என்பது வெறும் எண். அதே வயதுள்ள ஆரோக்கியமான பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். எங்கள் டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், நிறையப் பேசாத பெண்மணி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: "தாய்லாந்துக் குடும்பத்துப் பிள்ளைங்க நிறைய பேருக்குக் குறைவுன்னே வருது. நேர்ல பார்த்தா நல்லா ஓடுறாங்க, ஆடுறாங்க. ஆரோக்கியமான பிள்ளைங்களைத் தனியா அளந்து பார்க்கணும்." பக்கத்து ஊர்த் தாய்லாந்துக் கோயிலில் பேசி, சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்து வர ஏற்பாடு செய்தார். நோயே இல்லாத பிள்ளையை எதற்கு அளக்க வேண்டும் என்று டெனிஸுக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. அளவுகோலை யார் செய்தார்கள், யாரை வைத்துச் செய்தார்கள் என்று கேட்டுத்தானே என் தொண்டை போயிற்று.

ஸ்கேனுக்கு முன் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. முதல் சனிக்கிழமை வந்த ஏழு வயதுப் பையன் ஒருவன், கழுத்தில் உலோகக் கூட்டுக்குள் குட்டி புத்தர் தொங்கும் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். நாற்காலியில் வைக்கச் சொன்னால் தலையாட்டி மறுத்தான். மனிதர்கள் உட்காருகிற இடமாம். தரையோரத் தட்டு அதைவிட மோசம். கடைசியில் நான் ஸ்டூல் போட்டு ஏறி, மருந்து அலமாரியின் உச்சியில் துண்டு விரித்து வைத்தேன். பையன் படுத்தபடியே நிமிர்ந்து பார்த்துத் திருப்தியடைந்தான்.

"அங்கேயிருந்து பார்த்தால் என் எலும்பு எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும்."

புத்தரின் ஆண்டு

அந்த முதல் சனிக்கிழமை வந்தவர்கள் ஒன்பது பிள்ளைகள். கோயிலிலேயே படிவங்களை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. பிறந்த வருஷம் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். கம்ப்யூட்டர் அதை ஏற்க மறுத்தது. இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்துப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு எப்படி ஸ்கேன் எடுப்பது?

வரவேற்பு மேசையில் இருக்கும் செல்வராணி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது புத்தர் வருசம் அக்கா. புத்தர் பிறந்த வெசாக் பண்டிகை நேரம் பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது எனக்கு நல்லா நினைவிருக்கு. ஐந்நூற்று நாற்பத்து நாலைக் கழியுங்கோ, சரி வரும்." இணையத்தில் ஒரு முறை பார்த்துவிடலாமே என்றாள் டெனிஸ். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் வயதை மாதக் கணக்கில் மனதிலேயே போட்டவள் நான். பேனாகூட எடுக்காமல் ஒன்பது பேருக்கும் கழித்து, ஒன்பதையும் ஏற்றி முடித்தேன்.

செல்வராணி பாராட்டினாள். "பாத்தீங்களே டெனிஸ், எங்கட அக்காவுக்கு கூகுள் எல்லாம் தேவையில்லை."

அசையாமல்

ஒன்பது பேரில் ஒருத்தி மாலி. நெற்றி வரை வெட்டிய முடியோடு குள்ளமாக, துறுதுறுவென்று இருந்தாள். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். காத்திருக்கும் அறையில் அவளை நாற்காலியில் பார்த்த நினைவே எனக்கில்லை. கைகளில் நின்றாள், சோபாக் கைப்பிடியில் ஒற்றைக் காலில் நடந்தாள். அம்மா வாசனா ஒரு தாய் உணவகத்தில் சமையல் செய்கிறவர். கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். "உட்கார், உட்கார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் முகத்தில் அத்தனை பெருமை.

இந்த ஸ்கேனில் வலி கிடையாது, ஊசி கிடையாது. சில நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாலிக்கு அதுதான் தண்டனை. அவளுடைய பாதத்தை நான் கையில் பிடித்துக்கொண்டேன். உள்ளங்காலில், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் ஒற்றை மரவிட்டத்தின் மேல் நடந்து நடந்து காய்த்துப்போன தோல். கட்டைவிரல் மட்டும் என் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. மெஷினின் கை மேலே நகர்ந்தபோது உதட்டை அசைக்காமல் கேட்டாள்:

"நான் அசையவே இல்லை என்றால், நான் உயிரோடு இருப்பது இதற்கு எப்படித் தெரியும்?"

சிவப்பு எழுத்து

இந்த நாட்டில் முடிவுகள் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே போனுக்கு வந்துவிடுகின்றன. வாசனா வேலைக்கு நடுவில், ஒரு கையில் கரண்டியோடு போனைத் திறந்திருக்கிறார். வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்று சிவப்பில் இருந்ததாம். கீழே, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கவும் என்று ஒரு வரி. வாங்கினார். கிடைத்த முதல் நாள் ஆறு வாரம் கழித்து.

அந்த ஆறு வாரத்தை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் அன்று மாலி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்திவிட்டதாக வாசனா சொன்னார். பள்ளியில் ஓட வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருந்தார். படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்களாம். கணவரின் அம்மா தாய்லாந்திலிருந்து தினமும் போன் செய்கிறாராம். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். வாசனா தன் தழும்புக் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஊருக்கே சமைக்கிறாய், உன் பிள்ளைக்கு மட்டும் என்ன போட்டாய் என்று கேட்கிறார்."

வகுப்பு

டாக்டர் வருவதற்குள் மறுபடி உயரம் எடுக்க மாலியைச் சுவரோடு நிறுத்தினேன். குதிகால், முதுகு, தலை மூன்றும் சுவரைத் தொட்டன. போன முறை நுனிக்காலில் எம்பி ஏமாற்றப் பார்த்தவள், அன்று சொன்னபடி நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தேற்றுவதாக நினைத்துச் சொன்னேன்: "கவலைப்படாதே கண்ணு, பன்னிரண்டு வயசுக்கு அப்புறம்தான் சில பேர் விறுவிறுன்னு வளருவாங்க."

"எனக்கு இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை," என்றாள். "நான் ஐந்தாம் வகுப்பு. பதினொன்று."

திரையில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. வாசனாவிடம் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். பையில் வைத்திருந்தார். பிறந்தது 2013. கோயில் படிவத்தை எடுத்தேன். 2556. நான் ஏற்றியது 2012. எலும்பு ஏறுகிற பருவத்தில் ஒரு வயது என்பது சாதாரண விஷயமில்லை. பதினொரு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதுக்காரர்களின் வரிசையில் நிறுத்தி, நீ குட்டை, உன் எலும்பு குறைவு என்று சொல்லியிருக்கிறேன். மற்ற எட்டுப் பேருக்கும் இதையேதான் செய்திருக்கிறேன். ஒரு வயது கூடியும் அவர்கள் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சிவப்பைப் பச்சையாக்க மாட்டேன் என்று மார்தட்டியவள், பச்சையில் இருந்த பிள்ளையைச் சிவப்பாக்கியிருக்கிறேன்.

ஒன்பது படிவங்களையும் தூக்கிக்கொண்டு செல்வராணியிடம் ஓடினேன். அவள் இப்போது இணையத்தில் தேடிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, எங்கட நாட்டில நாற்பத்து நாலு, அவையின்ர நாட்டில நாற்பத்து மூண்டாம்! ஒரே புத்தர்தானே எண்டு நினைச்சிட்டன்."

மேனேஜரின் யோசனை

டாக்டர் சரியான வயதைப் போட்டதும் எண் கோட்டுக்கு மேலே ஏறியது. பிறகு உயரத்தையும் கணக்கில் எடுத்தார். மெஷின் பார்ப்பது தட்டையான படம். சின்ன எலும்பு அதில் அடர்த்தி குறைந்த மாதிரியே தெரியும் என்று வாசனாவுக்குத் தாளில் இரண்டு கட்டங்கள் வரைந்து காட்டினார். எல்லாம் பார்த்து முடித்தபோது மாலியின் எலும்பில் சொல்ல ஒன்றுமே இல்லை. "நாளைக்கே குதிக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "எலும்புக்கு வேண்டியதே அதுதான்." ஆறு வாரமாக எது வேண்டுமோ அதைத்தான் தடுத்து வைத்திருந்தோம்.

மாலி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாசனா தலையசைத்தார். அடுத்த நொடி காரிடாரில் இரண்டு பாதங்கள் காற்றில் தெரிந்தன. டெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கிளினிக்கில் இதற்கெல்லாம் அனுமதியில்லை என்று அதட்டினாள்.

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். "ஒன்பதையும் திருத்திடலாம், நீங்களே உட்கார்ந்து திருத்துங்க," என்றார். அந்த 'நீங்களே' திட்டியதைவிட உறைத்தது. மேனேஜர்தான் என்னைத் தனியே அழைத்தார். வாசனாவுக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது. நல்ல பிள்ளைதான், என் மகள் வயது. எழுத்தில் எதுவும் தர வேண்டாம், நான்தான் செய்தேன் என்று எங்கும் சொல்ல வேண்டாம் என்றார். ஊரில் இருந்தவரை எல்லாவற்றுக்கும் அமைப்புதான் காரணம், அமைப்பைத்தான் மாற்ற வேண்டும் என்று மைக் பிடித்துக் கத்தியவள் நான். என்னைப் பார்த்து அந்தப் பெண் இரக்கத்தோடு சொன்னார்:

"சிஸ்டம் எரர் என்று போட்டுவிடலாம், மேம். சிஸ்டம் கோபித்துக்கொள்ளாது."

கடிதம்

நான் வாழ்க்கையில் மன்னிப்புக் கடிதம் எழுதியதில்லை. வேலைநிறுத்தம் முடிந்தபோது, நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். கூட இருந்த பல பேர் எழுதினார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே, இப்போது குறை சொல்ல மாட்டேன். நான் எழுதவில்லை. செய்யாத தப்புக்கு எழுத மாட்டேன் என்றேன். அது சரியென்றால், செய்த தப்புக்கு எழுதாமல் இருக்க எனக்கு வழியில்லை.

மதிய இடைவேளையில் டெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் திருத்தினாள். நான் எழுதியது இவ்வளவுதான்: உங்கள் மகளின் பிறந்த வருஷத்தை நான் தவறாக ஏற்றினேன். மெஷின் தவறவில்லை, உங்கள் மகளின் எலும்பும் தவறவில்லை. ஆறு வாரம் அவள் உட்கார்ந்திருந்ததற்கு நான் காரணம். மன்னிக்க வேண்டும். கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு கடிதம் தர வேண்டும் என்று போன் செய்தேன்; வாசனா அடுத்த நாள் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் அது நியாயம். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் நீட்டிய கடிதத்தை உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாக இரண்டு முறை படித்தார். "ராத்திரி எல்லாம் அழுதாள்," என்றார். "நானும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தாள் என் பக்கம் நகர்ந்து வந்தது. தழும்பு விழுந்த விரல் ஒன்று, கையெழுத்துக்கு மேலே காலியாக இருந்த இடத்தைத் தட்டியது.

"இங்கே ஒரு வரி குறைகிறது. அம்மா நன்றாகத்தான் சாப்பாடு போட்டாள் என்று எழுது. என் மாமியாருக்கு அனுப்ப வேண்டும்."

எழுதிக் கொடுத்தேன்; இத்தனை வருஷம் எத்தனையோ கோரிக்கைகளை எழுதி நீட்டிய எனக்கு, ஒரு கோரிக்கை பேச்சுவார்த்தையே இல்லாமல் ஒரே நிமிஷத்தில் முழுதாக ஏற்கப்பட்டதைப் பார்க்க, மேசையின் அந்தப் பக்கம், நிர்வாகத்தின் நாற்காலியில் நானே உட்கார வேண்டியிருந்தது.